ரொட்டி மாவும் வெடிமருந்தும் பிசைந்த எந்திரம்

கலப்பதில் பல வகை உண்டு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைக்க ஒரு கரண்டி போதும். கெட்டி மாவில் அது நடக்காது. கரண்டியைச் சுத்தினா மாவும் கூடவே சுத்தும். மடிச்சு, அழுத்தி, இழுத்து, மறுபடி மடிக்கணும். இந்தக் கைவேலையை இரும்புக்குப் பழக்கியதில் ஜெர்மானியருக்குப் பெரும் பங்கு உண்டு. 1879-ல் ஸ்டுட்கார்ட் அருகே கன்ஷ்டாட்டில் வெர்னரும் ஃப்ளைடரரும் கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் விற்ற எந்திரத்தில், ஒரு தொட்டிக்குள் வளைந்த இரண்டு தகடுகள் சுழன்று ரொட்டி மாவைப் பிசையும்.

பத்தே ஆண்டில், 1889-ல், இங்கிலாந்தில் ஆபெலும் டேவாரும் கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தைக் கண்டார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37, வாசலின் 5. அசிட்டோன் விட்டால் இதுவும் மாவுபோலவே ஆகிவிடும். ஆகவே வால்தம் அபே வெடிமருந்து ஆலை தனக்கென்று புது எந்திரம் தேடவில்லை. ரொட்டிக்கான அதே எந்திரத்தை வாங்கிக்கொண்டது. நம் நீலகிரி அருவங்காட்டில் 1904-ல் வந்த ஆலையும் கார்டைட்டுக்காகத்தான்.

எந்திரத்துக்குள் போகும்முன் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கையால் கலக்க வேண்டும். முதல் உலகப்போரில் ஸ்காட்லாந்தின் கிரெட்னா ஆலையில் அதைச் செய்தவர்கள் இளம்பெண்கள். நேரில் பார்த்த கானன் டாயில் (ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் எழுதினாரே, அவர்தான்) அந்தக் கலவைக்குப் ‘பிசாசுக் கஞ்சி’ என்று பெயர் வைத்தார்.

எந்திரம் என்ன பாவம் செய்தது என்று கேட்கலாம். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கொலைக்கு உதவும் பொருளைப் பிறருக்குக் கொடுப்பதை இம்சாதானம் என்று விலக்குகிறார். அவர் தரும் பட்டியலில் வாளோடு மண்வெட்டியும் இருக்கிறது! மண்வெட்டி விவசாயிக்குச் சோறு போடுவது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? கருவி நல்லதா கெட்டதா என்பதல்ல அவர் கேள்வி. யார் கையில், எதற்குக் கொடுக்கிறோம் என்பதே. விற்றதோடு என் வேலை முடிஞ்சுதுன்னு ஒரு வியாபாரி நழுவ முடியாது என்பது என் கட்சி.

அதே எந்திரத்தின் வம்சம் நல்ல வேலைக்கும் போயிற்று. வெர்னர்–ஃப்ளைடரரின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர் ஃபெர்ன்லி பான்பரி. அந்நாளில் ரப்பரோடு கரித்தூளைத் திறந்த இரட்டை உருளைகளில்தான் கலப்பார்கள். ஆலை முழுக்கக் கருந்தூசி. மூடிய அறைக்குள், மேலிருந்து அழுத்திப் பிசையும் மிக்சருக்கு பான்பரி 1916-ல் காப்புரிமை பெற்றார். டயர் ஆலைகளில் இன்றும் அதை ‘பான்பரி’ என்றே சொல்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.