இ-புக்குக்கும் வெயிட்டிங் லிஸ்ட்டா? நூலக ஆப் எப்படி இருக்க வேண்டும்?

பொது நூலகத்தின் இ-புக் ஆப்பை முதல்முறை திறப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். கார்டு நம்பரைப் போட்டு, புத்தகத்தைத் தேடிப் பிடித்தால், 'காத்திருங்கள்' என்கிறது ஆப். வெறும் ஃபைல்தானே, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன? கொடுக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பிரதி, ஒரு வாசகர்

பெரிய பதிப்பகங்களின் இ-புக்குகளை நூலகம் சொந்தமாக வாங்குவதில்லை, உரிமம்தான் எடுக்கிறது. பெரும்பாலும் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். பத்து பேர் கேட்டால், ஒன்பது பேர் காத்திருக்கணும்.

உரிமத்துக்கு ஆயுளும் உண்டு. 26 முறை இரவல் போனதும் உரிமம் முடிந்துவிடும், வேண்டுமென்றால் மறுபடி வாங்குங்கள் என்று 2011-ல் அறிவித்தது ஹார்ப்பர்காலின்ஸ். 2019 நவம்பரில் மேக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போனது. புது இ-புக் வந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. நூலகங்கள் கடுமையாக எதிர்த்தன. 2020 மார்ச்சில் அந்த விதி கைவிடப்பட்டது.

ஆக, வரிசைக்குக் காரணம் ஆப் இல்லை. ஆனால் காத்திருப்பதை எளிதாக்குவது ஆப்பின் கையில்தான் இருக்கிறது.

லிபி என்ன செய்கிறது?

அமெரிக்காவின் ஓவர்டிரைவ் நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த ஆப் 'லிபி'. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் இதைப் பயன்படுத்துகிறது. அங்கே தமிழ் இ-புக்குகளும் கிடைக்கின்றன.

* வரிசையில் எத்தனையாவது ஆள், சுமார் எத்தனை வாரம் ஆகும் என்று காட்டும்.
* உங்கள் முறை வரும்போது படிக்க நேரமில்லையா? புத்தகத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டு, உங்கள் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.
* பல நூலகங்களின் கார்டுகளை ஒரே ஆப்பில் சேர்க்கலாம்.
* தவணை முடிந்தால் புத்தகம் தானாகத் திரும்பிவிடும். அபராதமே கிடையாது.

தமிழ் வாசகருக்கு என்ன வேண்டும்?

முதல் தேவை தேடல். 'பொன்னியின் செல்வன்' என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். எப்படி அடித்தாலும், தமிழிலேயே அடித்தாலும், புத்தகம் கண்ணில் படணும். அடுத்தது எழுத்தைப் பெரிதாக்கும் வசதி. பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு தமிழ் எழுத்து ஒத்துப்போகவும் வேண்டும்.

இதெல்லாம் ஆடம்பரம் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அதில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதுதான். இன்றைய ஆப்புக்கும் அதே விதிதான்.

நீங்கள் செய்யக்கூடியது?

வரிசையில் பேரைப் போட்டுவிட்டு, 'இப்போதே கிடைப்பவை' ஃபில்டரில் வேறு புத்தகம் தேடுங்கள். படித்து முடித்ததும், தவணை வரை வைத்திருக்காமல் அப்போதே திருப்பிக் கொடுங்கள். வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு அத்தனை நாள் மிச்சம்.