அழிக்கப்பட்ட ஒரு சொல்: தோட்டத்து மழைநாள் அடுப்பின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ‘மழைநாளில் எங்கள் வீட்டு இரவு உணவு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு மாணவனின் கட்டுரை மிகச் சிறப்பாக அமைந்திருந்தது. எலும்போடு கூடிய இறைச்சியை அம்மா இஞ்சி, மிளகு, பட்டை சேர்த்து மூன்று மணி நேரம் வேகவைப்பதையும், இறுதியில் உருளைக்கிழங்கு இடுவதையும் வரிசை பிறழாமல் விவரித்திருந்தான். ஆனால், முதல் வரியில் ஒரு சொல் அழிக்கப்பட்டு, அதன்மேல் ‘கோழி’ என்று எழுதப்பட்டிருந்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது ‘மாட்டு’ என்னும் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. கோழி வேக மூன்று மணி நேரம் ஆகாதே!

அந்த அழிப்புக்குப் பின்னால் நம் தோட்டப்புறத்தின் வரலாறு இருக்கிறது.

நெகிரி செம்பிலானில் பனி பெய்வதில்லை. தோட்டத்தில் குளிர் என்றால் மழைதான். பால்மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் மரம் சீவ இயலாது. சீவினாலும் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடிவிடும், மங்கில் சேராது. நாட்கூலிக்காரருக்கு வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. 1920-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. அந்தக் காசும் கைக்கு வராத நாளின் இரவு உணவைத்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் கருவாடு, பருப்பு, முருங்கைக்கீரை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவையே அடுப்பேறின. நெகிரி செம்பிலானையும் உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் பயிரிடுவதற்கோ கால்நடை மேய்ப்பதற்கோ ஒதுக்கப்பட வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகள் பல தோன்றியதும் அதே சட்டத்தால்தான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்று அது விதித்தது.

மாட்டிறைச்சி உண்ட குடும்பங்களுக்கு மழைநாள் வேறொரு வகையில் கைகொடுத்தது. காலிறைச்சி போன்ற கடினமான துண்டுகள் விலை மலிவு. அவற்றின் தசைநார் இளகிக் குழம்பு கெட்டிப்பட, சிறுதீயில் நெடுநேரம் வேக வேண்டும். அதற்கு வேண்டிய விறகு, காய்ந்த ரப்பர்க் கிளைகளாகத் தோட்டமெங்கும் கிடந்தது. வேண்டிய நேரத்தை மழை தந்தது. இங்கிலாந்து ஏழைகள் பனிக்காலத்தில் ‘ஸ்டூ’ சமைத்ததும் இதே கணக்கில்தான். அந்த ‘ஸ்டூ’ துரை பங்களாவின் மேசைக்கு வந்தபோது கௌரவமான உணவாகவே இருந்தது. லயத்தில் அதே இறைச்சி வெந்தபோது மட்டும் மறைத்து உண்ணும் பொருளாயிற்று.

காரணத்தை நாம் அறிவோம். திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து கப்பலேறியவர்களுள் கணிசமானோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்களோடு சாதியும் கடல் கடந்து வந்தது. தொடக்கக் காலத்தில் சில தோட்டங்களில் லயங்களே தனித்தனியாக இருந்தன. 1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார்; சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களிலும் பரவின. காலப்போக்கில் லயங்கள் கலந்தன. அடுப்பைப் பற்றிய கூச்சம் மட்டும் எளிதில் அகலவில்லை.

நான் பிறந்த தோட்டத்தில் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. அடுத்த வீட்டில் சமைக்கும்போது அவர்கள் சன்னலைச் சாத்திவிடுவார்கள். மழையில் அவர்களுடைய விறகு நனைந்துவிட்டால் பாட்டி எங்கள் விறகைக் கொடுத்தனுப்புவார். எதற்கு என்று கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அதைப் பண்பாடு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்தச் சன்னல் ஏன் சாத்தப்பட்டது என்று அப்போது நான் சிந்திக்கவில்லை.

அந்த மாணவனுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தேன்; அழித்த சொல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவன் மனம் புண்படாமல் காத்ததாக நினைத்துக்கொண்டேன். இப்போது எண்ணிப் பார்த்தால், நானும் அந்தச் சன்னலைச் சாத்தியிருக்கிறேன் என்றே தோன்றுகிறது.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. விறகடுப்பு எரிவாயு அடுப்பாகிவிட்டது. சமய நம்பிக்கையால் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவரின் நெறி மதிக்கத்தக்கது. என் வீட்டு வழக்கமும் அதுவே. ஆயினும், தன் தாய் சமைத்த உணவின் பெயரை எழுத ஒரு பிள்ளை அஞ்சும் வகுப்பறையில் மொழிப்பாடம் முழுமை பெறாது.

ஆசிரியர்களே, உணவைப் பற்றி எழுதச் சொல்லும்போது, எந்த வீட்டு உணவையும் யாரும் நகைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பெற்றோர்களே, மழை பெய்யும் ஓர் இரவில் உங்கள் பெரியவர்களிடம், “அந்தக் காலத்தில் வேலை இல்லாத நாளில் என்ன சமைத்தீர்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பதில் பிள்ளையின் ஏட்டில் அழிக்கப்படாமல் இருக்கட்டும்.