முன்கூடத்துச் சுவரின் நிறம்

அரசாங்கக் குடியிருப்புகளுக்கு வர்ணம் பூசுவது பற்றிய ஒப்பந்தத் தாள் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்புக்காக நம் மேசைக்கு வந்தது. முன்கூடத்துச் சுவர்களுக்கு ‘டான்’ என்னும் நிறம் என்று அதில் கண்டிருந்தது. பெயிண்ட் கடைக்காரர் அதனைப் ‘பிஸ்கட் கலர்’ என்பார். நம் இல்லத்துப் பெண்டிரோ, சந்தனமும் அல்லாத காவியும் அல்லாத நிறம் என்று உதட்டைப் பிதுக்குவர். அகராதியைப் புரட்டிய பின்னரே ஓர் உண்மை புலப்பட்டது. ஓக் மரப்பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் தொழிலிலிருந்து பிறந்த சொல் அது. மேலை நாட்டார்க்கு ஓக் பட்டை எப்படியோ, அப்படியே நமக்கு ஆவாரம்பட்டை. அப்பட்டைச் சாற்றில் ஊறி எழுந்த தோலின் நிறம் தமிழர்க்குப் புதிதன்று. மும்பைத் தமிழர்க்கு அறவே புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிட மக்களும், கோலி மீனவர் வாழ்ந்த தாராவியின் சதுப்பு நிலத்தில் குடியேறினர். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக் கூடம் அருகிலேயே இருந்தமையால், தோல் பதனிடும் தொழில் அங்கே வேரூன்றியது. 1887இல் தொடங்கப்பெற்ற படா மசூதியும், 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அக்குடியேற்றத்தின் பழமைக்குச் சான்று கூறும். இறைச்சிக் கூடம் 1970களின் தொடக்கத்தில் தேவனாருக்குச் சென்றது. பதனிடும் தொட்டிகளும் காலப்போக்கில் மறைந்தன. சயான்-பாந்த்ரா சாலையில் இன்று தோற்பைக் கடைகளே எஞ்சி நிற்கின்றன.

தாராவிக் குடிசைகளின் முதற் சுவர் பெரும்பாலும் தகரமும் பலகையும் சாக்குமே. அதற்கு நிறம் என்று ஒன்றைப் பேசுவது நகையாடுவதாகும். சுவரின் நிறத்தைப் பற்றிக் கவலைகொள்ளும் நல்வாய்ப்பு முதலில் மாட்டுங்காவுக்கே வாய்த்தது.

அதற்கும் காரணம் ஒரு கொள்ளைநோய்தான். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெருக்கடியான குடியிருப்புகளைத் திருத்த 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பெற்றது. தாதர், மாட்டுங்காப் பகுதிகளில் வயல்களையும் தோப்புகளையும் கையகப்படுத்திச் சாலை வகுத்து மனை பிரித்தது அந்த டிரஸ்டே. 1920களிலும் 1930களிலும் அங்கே எழுந்த மாடிக் கட்டடங்களுக்கு, சென்னை மாகாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தர்களும் குடும்பத்தோடு குடியேறினர். தாழ்வாரம் பொது, குழாய் பொது, கழிப்பிடம் பொது என்னும் ‘சால்’ வாழ்க்கையோடு ஒப்பிட்டால், சமையலறையும் குளியலறையும் கதவுக்கு உள்ளேயே அமைந்த வீடு பெரும் பேறு அன்றோ? அந்த வீட்டில்தான் ‘முன்கூடம்’ என்ற ஒன்று கிடைத்தது. பகலில் விருந்தினர்க்கு, மாலையில் பிள்ளைகளின் படிப்புக்கு, இரவில் பாய்க்கு என மூன்று வேலைகள் அதற்கு.

ஊரில் சுவர் என்றால் சுண்ணாம்பு. சிறிது நீலம் கலந்து, பொங்கலுக்கு முன் நாமே அடிப்போம். அடியில் செம்மண் பட்டை. மாட்டுங்காவில் சுவர் வீட்டுக்காரருடையது. அன்றியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் சுவரில் ஓதம் ஏறும். வெள்ளைச் சுவரில் ஓதக் கறை வரைபடம்போல் விரியும். சுண்ணாம்பிலோ டிஸ்டம்பரிலோ சிறிது காவியும் மஞ்சள் மண்ணும் கலந்தடித்தால் கறை அடங்கிக் கிடக்கும். அந்நிறம் அழகுக்காக வந்ததன்று, கறை மறைக்க வந்தது என்பதே நம் எண்ணம்.

பின்னர் 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் முதல் நாள் வாடகையை அளவாகக் கொண்டு வாடகைகள் நிலைநிறுத்தப்பட்டன. குடியிருப்போர்க்கு அது அரண். ஆயின் விலைவாசி ஏற ஏற, பழுதுபார்ப்பதில் வீட்டுக்காரர்க்கு அக்கறை குன்றியது. சுவர் அவருடையது, கவலை நம்முடையது என்றாயிற்று. தீபாவளிப் போனசில் ஒரு பகுதி டிஸ்டம்பர் டப்பாவுக்குச் சென்ற குடும்பங்கள் பல. 1999இல் மகாராஷ்டிரத்தின் புதிய வாடகைச் சட்டம் இயற்றப்பட்டபோது, அவ்வாறு பூசியவர்களின் பேரர்கள் அவ்வீடுகளில் இருந்தனர்.

அச்சுவரில் என்ன மாட்டினோம்? இங்கே ஒரு விந்தை. ராஜா ரவிவர்மா 1894இல் தம் அச்சகத்தைப் பம்பாயில்தான் நிறுவினார். ஜெர்மானிய இயந்திரங்களும் ஜெர்மானியத் தொழில் வல்லுநரும் வந்தனர். 1899இல் அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. அங்கிருந்து புறப்பட்ட இலக்குமியும் கலைமகளும் நாடெங்கும் சென்று, நம் ஊர்க் கூடங்களிலும் வீற்றிருந்தனர். பிழைப்புத் தேடி ரயிலேறிய நம் முன்னோர் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கிடையே வைத்துக் கொணர்ந்த படம், பிறந்த ஊருக்கே திரும்பியது எனலாம். மனிதர் வருமுன்பே இந்நகரம் நம் கூடத்துக்குள் வந்துவிட்டது!

தாராவியில் இக்கதை வேறு வழியில் சென்றது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலை எழுதும் கைவண்ணத்தோடு தெய்வப் படங்களைத் தீட்டினார்; அவரும் அவர் மாணவர்களும் எழுதிய உருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகப் பரவின. நெல்லைச் சீமை மக்களின் சுவரில் முருகன் அக்கோலத்திலேயே நின்றான். ஆண்டு முடிந்தபின் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டுக்கொள்வது வழக்கம். செலவின்றிக் கிட்டிய கலை அது. அதனை இகழ்வோரைக் கண்டால் நமக்குச் சினம் வரும்.

இன்று செம்பூரிலும் முலுண்டிலும் புதுவீடு புகும் இளைஞர், அதே பிஸ்கட் நிறத்தைப் புதுப்பாணி எனத் தேர்ந்துகொள்கின்றனர். அவர்கள் ஒன்றை அறிதல் நன்று: இந்நிறம் ஒளியை உண்ணும். வெள்ளைச் சுவர் திருப்பித் தரும் ஒளியில் ஏறக்குறையப் பாதியையே இது தரும். ஆதலின் கூரையைத் தூய வெள்ளையாக விடுக. தேக்கு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டால் இரண்டும் ஒன்றாய்க் கரைந்து போகும். இடையே கருநீலத்திலோ இலைப் பச்சையிலோ ஒரு விரிப்பு வேண்டும். தஞ்சாவூர்ப் படத்தின் பொன் ரேக்கும், பித்தளைக் குத்துவிளக்கும் இந்நிறத்தின்முன் ஒளிர்வதுபோல் வெள்ளையின்முன் ஒளிர்வதில்லை. சுவர் முழுதும் ஆணி அடித்தல் வேண்டா. பாட்டனார் அடித்தாரெனில் அவருக்கு அலமாரி இல்லை.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, கோபுரம்போல் உயர்கின்றன. தாராவிக்கும் சீரமைப்புத் திட்டம் உண்டு. எவருக்கு அங்கேயே வீடு, எவர் வேறிடம் செல்வது என்னும் கேள்வி பல குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நாம் வளர்ந்த மாட்டுங்கா வீட்டையும் காலி செய்யும் நாள் வந்தது. இலக்குமி படத்தைக் கழற்றினோம். புகையும் ஈரமும் படியாத ஒரு நீள்சதுரம், தந்தையார் பூசிய நாளின் நிறத்தோடு அப்படியே இருந்தது. ஆணியைச் சுற்றிப் பெயர்ந்த காரைத் துண்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டோம்.

புதுவீட்டுக்கு வர்ணம் வாங்கச் செம்பூர்க் கடையில் அத்துண்டைக் காட்டினோம். கடைக்காரர் அதனை நிறங்காணும் கருவியின்கீழ் வைத்தார். ஏதோ ஒரு நீண்ட எண் வந்தது.

“பிஸ்கட் கலர்தானே சார்? எத்தனை லிட்டர் வேண்டும்?” என்றார்.