ஹக்கல: ஒரே சொல்லுக்குள் இரண்டு தோட்டம்

நம்ம பக்கத்துல "தோட்டம்"னு சொன்னா யாருக்கும் பூ ஞாபகம் வராது. தேயிலை, லயம், பிரட்டுக்களம் இதுகள்தான் வரும். பூ உள்ள இடத்தைச் சொல்லணும்னா "பூந்தோட்டம்"னு தனியாச் சொல்லணும். நம்மை "தோட்டக்காட்டான்" என்று ஏசியவர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த இரண்டு தோட்டங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அது தெரியணும்னா ஹக்கல பூங்காவின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கணும்.

பசறை டவுனுக்குள்ளால போற ஏ5 வீதி பேராதனையில் தொடங்குகிறது. நுவரெலியா, ஹக்கல, வெலிமடை, பதுளை தாண்டி நம்ம ஊருக்கு வந்து, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடியில் போய் முடிகிறது. பேராதனை, ஹக்கல என்ற இரண்டு பெரிய பூங்காவும் இந்த ஒரே வீதியில்தான் இருக்கின்றன. ஸ்கூல் ட்ரிப் போன நம்மில் பலர் அந்த வீதியால போய், ரோஜா முன்னால போட்டோ எடுத்து, குரங்குக்குப் பயந்து சாப்பாட்டுப் பார்சலை மறைச்சு, சீதா எலிய கோயிலையும் கும்பிட்டுத் திரும்பியிருக்கிறோம். ஆனா இந்தப் பூங்கா எதுக்கு உண்டாச்சுன்னு யாரும் நமக்குச் சொன்னதில்லை.

பேராதனைப் பூங்காவை 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கினார். வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. எந்தப் பயிரை இந்தத் தீவில் நட்டால் காசாகும் என்று சோதிக்கத்தான். அதே நோக்கத்தோடு 1861இல் ஹக்கல தொடங்கியது. அங்கே முதலில் வந்தது ரோஜா இல்லை, சிங்கோனா. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் வளர்ந்த மரம் அது. அதன் பட்டையில் இருந்து எடுத்த குயினைன்தான் அன்றைக்கு மலேரியாவுக்கு மருந்து. வெப்ப நாடுகளில் பட்டாளத்தையும் அதிகாரிகளையும் வைத்திருந்த பிரித்தானியருக்கு அது இல்லாமல் முடியாது. குளிரும் உயரமும் உள்ள இடம் தேடினார்கள், ஹக்கல மலையடிவாரம் கிடைத்தது.

இனி நம்ம ஊர்ப் பங்கு. 1869இல் மடுல்சீமையில், பசறைக்கு மேலே இருக்கிற அதே மடுல்சீமையில், கோப்பி இலைகளில் மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனையில் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதுதான் கோப்பித் துரு நோய். அடுத்த இருபது வருசத்துக்குள் இலங்கையின் கோப்பியே படுத்துவிட்டது. தவித்த துரைமார் ஹக்கலயில் பழகிய சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். எல்லாரும் நட்டதில் பட்டை மலையாகக் குவிந்து, 1880களில் விலை விழுந்தது. மிஞ்சியது ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்டுக் காட்டியிருந்த தேயிலை.

இந்த மாற்றம் நம் ஆட்களுடைய காலண்டரையே மாற்றியது. கோப்பிக்குப் பழம் பறிக்கிற மாதங்களில்தான் நிறைய ஆள் வேணும். தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தோ வருசம் முழுக்க எடுக்கணும். அதனால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயத்தில் தங்கின. ஒரு பருவத்துக்கு வந்தவங்களை எல்லாப் பருவத்துக்குமாக் கட்டிப்போட்டது தேயிலை.

சிங்கோனாவின் வேலை முடிந்த ஹக்கலயோ ரோஜாவும் பெரணியும் நிறைந்த பூங்காவாக மாறியது. 1886இல் பதுளையிலும் பேராதனையின் கிளைத் தோட்டம் ஒன்று திறந்தார்கள். நுவரெலியாவில் ஹக்கலயின் சோதனை நிலமாக இருந்த இடம் 1897இல் மகாராணியின் வைர விழாவுக்காக விக்டோரியா பூங்கா ஆனது. ஆக, தோட்டத்துக்குப் பயிரைச் சோதித்த இடங்களே தோட்டத்துத் துரைமார் ஓய்வெடுக்கும் இடங்களாயின.

அதனால்தான் ஒரே மழையும் வெயிலும் இரண்டு தோட்டத்தில் இரண்டு விதமாக இறங்குது. சித்திரையில் ஹக்கலயில் ரோஜா பூக்கும், நுவரெலியாவில் "சீசன்" நடக்கும். தோட்டத்தில் அது மத்தியான இடி மழைக்குப் பின் கொழுந்து கொட்டுற காலம். ஆடி, ஆவணியில் மலைக்கு அந்தப் பக்கம் மழையும் மூட்டமும். இந்தப் பக்கம் ஊவாவில் காய்ந்த கச்சான் காற்று. அந்தக் காற்றுதான் ஊவா தேயிலைக்கு உலகம் புகழும் வாசத்தைத் தருது. ஆனால் காய்ச்சலில் கொழுந்து குறையும், கேட்ட கிலோ வராது, முழுப் பேர் அரைப் பேராகும். ஐப்பசி, கார்த்திகையில் பூங்காவில் மழைக்கு ஒதுங்க இடம் தேடுவார்கள்; நாம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததை யார் மறப்பது? தை மாதப் பனி கண்ணுக்கு அழகு. உறைபனி விழுந்தால் தேயிலை கருகிப்போகும்.

பூங்கா என்றால் "பொது" என்கிறோம். அந்தப் பொதுவுக்குள் யார்? 1847இல் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டில் பொதுப் பணத்தில் பூங்கா திறந்தபோது, தொழிலாளிக்கும் காற்று வேணும் என்ற பேச்சு இருந்தது. பத்து வருசம் கழித்து நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க்குக்காகக் கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்ந்த செனெகா கிராமத்தை இடித்தார்கள். இங்கே யாரையும் இடித்துத் தள்ளத் தேவைப்படவில்லை. ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும் என்ற கணக்கே கேட் மாதிரி நின்றது. 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். அந்தக் கதை முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. 1964 ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். அங்கேயும் பக்கத்தில் ஒரு பூங்கா: 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்கா.

இதையெல்லாம் தெரிந்தபின் ஹக்கலக்குப் போகாதீங்கன்னு நாங்க சொல்லல. கட்டாயம் போகணும். கவ்வாத்து வெட்டி, கான் வெட்டி, இந்த மலையைப் பச்சையாக வைத்தவர்கள் அந்தப் பச்சையில் சும்மா உட்கார்ந்திருக்கவும் உரிமை உள்ளவர்கள். அப்பாயி, அம்மாயியைக் கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொரு மரத்திலும் அதன் பேரும் அது வந்த நாடும் எழுதியிருக்கும். அதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, நம்ம ஆளுங்க எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு கேளுங்க. சொல்லுவாங்க. எழுதி வச்சுக்கோங்க.

இன்னொன்றும் இருக்கு. புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் காணி பற்றிப் பேசுகிறோம். அது பேச வேண்டிய விசயம்தான். அந்த வரைபடத்தில் பிள்ளைகள் ஓடவும், வேலை முடிந்த அம்மாக்கள் நிழலில் உட்காரவும் ஒரு துண்டு நிலம் இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்போம். பூந்தோட்டம் பார்க்க நாம் ஏன் எப்பவும் பஸ் ஏறணும்?