தீபத் திருநாளும் மாட்டுச் சந்தையும்



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் கோட்டைகளையும் நாடிச் செல்வது இயல்பு. எங்கள் பகுதியில் அதற்குக் குறைவில்லை. திண்டிவனத்திலிருந்து மேற்கே சென்றால் செஞ்சிக் கோட்டை மலைமீது நிமிர்ந்து நிற்கக் காணலாம். ஆனால், அக்கோட்டையில் இருந்தோர் உண்ட நெல்லுக்கு நிலத்தை உழுதவை எவை? அறுத்த நெல்லை வண்டியில் இழுத்து வந்தவை எவை? மாடுகளே அல்லவா? மன்னர் பெயர்கள் கல்வெட்டுகளில் நிலைத்துள்ளன. மாடுகளின் வரலாறோ சந்தைத் திடல்களில் ஆண்டுதோறும் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் அழிந்து போயிற்று. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. பண்டைக் காலத்தில் போர் தொடங்க விரும்பிய மன்னன் முதலில் பகைவரின் ஆநிரையைக் கவர்ந்தான். அதனை மீட்கச் சென்று மடிந்த வீரர்களுக்கு நடுகல் எழுப்பினர். அத்தகைய கற்கள் பல, திருவண்ணாமலையை அடுத்த செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச்சிறப்புடையது. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்ததாகிய அக்கல்லில் எருமைகளைக் காத்து மடிந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் அக்கல் கூறுகிறது. கால்நடையைக் காத்த நாய்க்கும் பெயர் சொல்லிப் பெருமை செய்த நாடு இது.

ஆநிரையைக் கவர்ந்து கொண்ட காலம் மாறி, விலைக்கு வாங்கிக்கொள்ளும் காலம் வந்தபோது சந்தைகள் பெருகின. பெருஞ்சந்தைகள் பலவும் கோயில் திருவிழாக்களை ஒட்டியே கூடின. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின்போது குதிரைகளும் மாடுகளும் வந்து குவிகின்றன. காங்கயத்தை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் காங்கயம் மாடுகள் கூடுகின்றன. எங்கள் பகுதியினருக்குத் திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபச் சந்தையே பெருஞ்சந்தை. இதன் காரணம் எளிது. திருவிழாவுக்கு மக்கள் எப்படியும் வருவர்; வருவோர் வண்டி கட்டி வருவர்; வண்டியில் வந்த மாட்டை மாற்றவோ, புதிய சோடி வாங்கவோ அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மழையில் புல் தழைத்து மாடுகள் வயிறு நிறைந்திருக்கும் காலமும் அதுவே.

1970ஆம் ஆண்டையொட்டி, நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, எங்கள் குடும்பம் அச்சந்தைக்குச் சென்றது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து செஞ்சி வழியாகச் செல்லும் பாதை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கூண்டு வண்டியில் தந்தையாரும் அன்னையாரும் அத்தையும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் இருந்தோம். புளிச்சோற்று மூட்டையும் வைக்கோலும் எங்களோடு வந்தன. வண்டியின் அடியில் அரிக்கன் விளக்கு ஆடிக்கொண்டு வரும். வழிநெடுக அதேபோன்ற விளக்குகள் வரிசையாகச் செல்வதைக் கண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்னையாருக்கு அண்ணாமலையார் தரிசனம். அத்தைக்கு மலையுச்சித் தீபம். தந்தையாருக்கு ஒரு சோடி உழவு மாடு. அவரவர் நாடிச் சென்றது அவரவர்க்குக் கிடைக்கும் இடமாக அத்திருவிழா இருந்தது.

சந்தைத் திடல் ஒரு பள்ளிக்கூடம் என்றால் மிகையாகாது. தந்தையார் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மாட்டுக்கு மேல்வாயின் முன்புறத்தில் பல் இல்லை. கீழ்வாயில் எட்டுப் பற்கள் உண்டு. பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைப்பதைக் கொண்டு வயதை அறியலாம். இரண்டு பல் என்றால் இளங்காளை. எட்டும் முளைத்துவிட்டால் முழு வளர்ச்சி பெற்ற மாடு. பின்னர்ச் சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை பேசுவதோ வாயால் அன்று. தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டின்கீழ்க் கையை மறைத்து, விரல்களைப் பற்றியே தொகையை உணர்த்துவர். சுற்றி நிற்போர் எவருக்கும் விலை தெரியாது. பக்கத்தில் மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துமணி, சாட்டை ஆகியவற்றின் கடைகள். அப்பால் லாடம் அடிப்போரின் சம்மட்டி ஒலி.

அக்காலத்தில் மாட்டின் மதிப்பு அதன் உழைப்பில் இருந்தது. எங்கள் பகுதியில் மணிலா என்று வழங்கும் நிலக்கடலை விளையும் நிலத்தை உழுதவை அவை. கிணற்றுக் கவலையில் சரிவில் இறங்கி ஏறித் தோற்சாலில் நீர் இறைத்தவை அவை. விழுப்புரத்து இருப்புப்பாதை நிலையத்துக்கு மூட்டைகளைச் சேர்த்தவையும் அவையே. வேலைக்கேற்ப இனங்களும் தோன்றின. காவிரிக் கழிமுகத்துச் சேற்றில் உழ உம்பளச்சேரி, மலைக்காட்டில் நடக்கப் பர்கூர், கொங்குநாட்டுச் செம்மண்ணுக்குக் காங்கயம், ஒகேனக்கல் பக்கத்தில் ஆலம்பாடி, தென்மாவட்டங்களில் புலிக்குளம். அருகிலுள்ள மைசூர் நாட்டில் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் படைச் சுமைகளை விரைந்து இழுத்துச் செல்ல அமிர்தமகால் மாடுகளைப் பேணினர்.

பின்னர் என்ன நேர்ந்தது? மின்சார இறைப்பி வந்தது, கவலை நின்றது. டிராக்டர் வந்தது, ஏர் ஒதுங்கியது. லாரி வந்தது; வண்டி மூலையில் சாய்ந்தது. 1970ஆம் ஆண்டில் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. மிகுந்த பால் தரும் அயல்நாட்டு இனங்களோடு நம் பசுக்களைக் கலந்து வளர்ப்பதும் பரவியது. இவற்றைக் குறை கூறுவது நன்றன்று. நிலமற்ற ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பால் சோறு போட்டது. கவலை ஓட்டிய உழவனின் முதுகும் ஓய்வு கண்டது. ஆனால், 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டு மாடுகளில் பெரும்பகுதி கலப்பினமாகவே இருந்தது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கே வரலாறு நமக்கு ஒரு விந்தையைக் காட்டுகிறது. நம்மிடம் குறைந்து வந்த திமில் மாடு கடல் கடந்து பெருகிற்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர், ஓங்கோல் பகுதிகளின் வெண்ணிற மாடுகள் 19ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டை அடைந்தன. இன்று அந்நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோடிக்கணக்கான மாடுகளில் பெரும்பகுதி அவ்வழியில் வந்தவை. நெலோர் என்று நம் ஊர்ப் பெயராலேயே அவை வழங்குகின்றன. அமெரிக்கப் பண்ணையாரும் இந்திய மாடுகளை வரவழைத்தனர். கீர், குசராத்தி, நெல்லூர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு ஆகிய இனங்கள் கலந்து பிராமன் என்னும் புதிய இனம் பிறந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் ஆற்றலே அதன் பெருமை. அதனை வளர்ப்போரின் சங்கம் 1924ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தோன்றியது.

அதே ஹூஸ்டனில் 1932ஆம் ஆண்டு முதல் பெரியதொரு கால்நடைக் கண்காட்சி நடந்து வருகிறது. அதனோடு ரோடியோ என்னும் வீர விளையாட்டும் உண்டு. ரோடியோ என்பது சுற்றி வளைத்தல் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை வளைத்து ஒன்றுசேர்த்ததையே அது முதலில் குறித்தது. வீரன் காளையின் முதுகில் ஒரு கையால் மட்டும் பற்றிக்கொண்டு எட்டு வினாடி நிலைத்திருக்க வேண்டும். அந்தக் காளைகள் பலவற்றின் உடலிலும் நம் திமில் மாட்டின் குருதி ஓடுகிறது. மாணவர்கள் தாமே வளர்த்த கன்றையும் ஆட்டையும் அங்குக் காட்சிக்குக் கொணர்கின்றனர். அக்கண்காட்சியின் வருவாயிலிருந்து டெக்சாஸ் மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகையும் வழங்கப்படுகிறது.

நம் முன்னோரின் ஏறு தழுவுதலைக் கலித்தொகையின் முல்லைக்கலி விரித்துரைக்கிறது. அதன் வழிவந்த சல்லிக்கட்டை 2014ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தடை செய்தது. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் திரண்டனர். மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அச்சட்டத்தை ஏற்றது. விலங்குக்குத் துன்பம் நேரலாகாது என்றவர்களின் கவலையும், இனம் அழியலாகாது என்றவர்களின் கவலையும் மதிக்கத்தக்கவையே. ஆயினும், ஆண்டில் ஒரு நாள் விளையாட்டு சில காளைகளைக் காக்கலாம். மற்ற நாள்களில் அவற்றுக்கும் பசுக்களுக்கும் தீவனம் இடுபவர் யார் என்பதே பெரிய வினா.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரப் பிள்ளைகளைத் தீபச் சந்தைக்கு அழைத்துச் சென்றேன். மாடுகள் இருந்தன, கயிற்றுக் கடைகளும் இருந்தன. நான் சிறுவனாகக் கண்ட கூட்டம் இல்லை. பத்து வயதுப் பேர்த்தி ஒரு காளையின் கழுத்தைத் தடவியபடி, “தாத்தா, இந்த மாடு என்ன வேலை செய்யும்?” என்று கேட்டாள். என் தந்தையாரிடம் நான் கேட்டிருந்தால் அவர் மூச்சு விடாமல் பத்து வேலைகளைச் சொல்லியிருப்பார். நான் இரண்டு சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, பிரேசிலும் டெக்சாசும் நம் மாட்டைப் பெருக்கியது பழம்பெருமைக்காக அன்று. தத்தம் நாட்டில் அதற்கொரு பயனைக் கண்டதால்தான். வெயிலையும் நோயையும் தாங்கி, எளிய தீவனத்தில் வாழும் நம் மாட்டுக்கு நம் நிலத்தில் ஏற்ற பயனைக் காண்பது, கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் பயிலப்போகும் உங்கள் தலைமுறையின் கடமை. அதற்கு முன்னர் ஒரு சிறு பணி உண்டு. வரும் தீபத்தின்போது அச்சந்தைக்குச் செல்லுங்கள். செஞ்சியில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையையும் பாருங்கள். பல் பார்த்து வயது சொல்லும் முதியவர் ஒருவரைத் தேடி, அவர் சொல்வதை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தகையோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.