ஸ்டிக்கரில் இல்லாத மைலேஜ்

வண்டி வாங்கப் போகிற வீட்டில் கலர், விலை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப் வாங்கப் போய் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அரசு சோதித்து அச்சிட்ட பதில் எதுவும் கிடைக்காது. அங்கே புதுக் கார்களின் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் "ஒரு காலனுக்கு இத்தனை மைல்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த வண்டிகளுக்கு அந்த எண் கிடையாது.

அதிகம் குடிக்கிற வண்டிக்குத்தானே அந்த எண் முதலில் வேண்டும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேடிப் படித்தபோது, இது ஒரு எடைக்கோட்டின் கதை என்று தெரிந்தது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வாகனங்களின் சராசரி மைலேஜுக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. லாரி வகைகளில் எதுவரை சட்டத்துக்குள் வரும் என்பதற்கு ஒரு கோடு வேண்டுமே? வண்டியும் அதன் முழுச் சுமையும் சேர்ந்த எடை முதலில் 6,000 பவுண்டு, 1980 மாடலிலிருந்து 8,500 பவுண்டு (சுமார் 3,855 கிலோ) என்று வைத்தார்கள். அதற்கு மேல் உள்ளவை விவசாயிக்கும் கட்டட வேலைக்காரருக்கும் ஆன தொழில் வண்டிகள், வீட்டு வாசலில் நிற்பவை அல்ல என்று கணக்கு.

கோடு போட்டால் தாண்டுவதற்கு ஆள் இருக்கும். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அதற்கு உதாரணம் உண்டு. புகை விதிகளில் ஏற்கெனவே 6,000 பவுண்டு கோடு இருந்தது. அதற்குச் சற்று மேலே நிற்கும்படி 1975 மாடலில் ஃபோர்டு இறக்கிய வண்டிதான் எஃப்-150. புகை வடிகட்டியும் ஈயம் கலக்காத பெட்ரோலும் அதற்குத் தேவைப்படவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற வண்டியாக வளர்ந்தது, ஒரு விதியின் ஓரத்தில் பிறந்தது :-)

சரி, டீசலுக்கு வருவோம். டீசல் என்ஜின் காற்றை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கி எரிப்பதால் அதே வேலைக்குக் குறைவாகக் குடிக்கும். எண்ணெய் நெருக்கடியில் அது பதிலாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவின் 5.7 லிட்டர் டீசலை கார்களோடு செவ்ரோலே பிக்கப்பிலும் வைத்தது. பெட்ரோல் என்ஜினின் அமைப்பை ஒட்டிச் செய்தது அது. பிளாக்கைத் தடிமனாக்கியவர்கள் ஹெட் போல்ட்டுகளின் அமைப்பைப் பழையபடியே விட்டார்கள். டீசலின் அழுத்தத்தை அவை தாங்கவில்லை. எரிபொருளில் கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை. வழக்குகள் வந்தன, 1985-ல் நிறுத்தினார்கள். டீசல் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் பல வருஷங்கள் அங்கே நீடித்தது. சில போல்ட்டுகளில் மிச்சம் பிடித்ததற்கு இவ்வளவு பெரிய விலை!

1982-ல் அதே நிறுவனம் 6.2 லிட்டர் டீசலைக் கொண்டுவந்தது. டர்போ இல்லை, 130 குதிரைத்திறன்தான். ஆனால் சிக்கனத்தை மனதில் வைத்துச் செய்தது. ராணுவத்தின் ஹம்வீ வண்டியிலும் இதுதான் இருந்தது. பெரிய பிக்கப்பில் மைலேஜுக்காகவே டீசல் என்ற எண்ணம் உச்சத்தில் இருந்த காலம் இதுதான் என்பது என் கருத்து. 1986-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் அந்த எண்ணம் தளர்ந்தது.

அதைத் திசைமாற்றியது 1989 மாடல் டாட்ஜ் ராம். அதில் வைத்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் என்ஜின் விவசாய இயந்திரங்களிலும் ஓடியது. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், டர்போ, டீசலை நேரடியாக எரியும் அறைக்குள் பீய்ச்சும் முறை. அந்தக் காலத்து மற்ற பிக்கப் டீசல்களில் தனியாக ஒரு சிறு முன்னறையில் எரியத் தொடங்கும். அங்கேயே கொஞ்சம் வெப்பம் வீணாகும். கம்மின்ஸில் அந்த நஷ்டம் இல்லை. ஆனாலும் மக்களை இழுத்தது அதன் இழுவைதான்: 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி டார்க். குதிரை லாயத்தையும் படகையும் பின்னால் கட்டி இழுப்பவர்களுக்கு அது போதும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் டார்க் பந்தயம். ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக்கோடு வந்தது, 2001-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இசுஸுவோடு சேர்ந்து டுராமேக்ஸைக் கொண்டுவந்தது. 2019-ல் ராம் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. 2023-ல் ஃபோர்டின் எண் 1,200. முப்பத்து நான்கு வருஷத்தில் மூன்று மடங்கு! தொழில்நுட்பம் மிச்சப்படுத்திய டீசலின் பெரும்பகுதி இழுவையாக மாறிப் போனது. விளம்பரத்தில் போட ஒரு எண் இருந்தது, மைலேஜுக்கு எண்ணே இல்லை. எது வளரும் என்று சொல்லவா வேண்டும்?

நடுவில் இரண்டு அடிகள். 2004-க்குப் பிறகு அமெரிக்காவில் டீசல் விலை பெரும்பாலும் பெட்ரோலை மிஞ்சியே நின்றது. 2007-ல் புதிய புகை விதிகள் வந்து, கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் போலானது. வடிகட்டி நிறைந்ததும் அதை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசலைப் பீய்ச்ச வேண்டும். மைலேஜ் குறைந்ததாக உரிமையாளர்கள் புலம்பினார்கள். அவர்கள் கணக்கெல்லாம் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வகுத்துப் பார்த்ததுதான். மைலேஜும் சக்தியும் கூடும் என்று வடிகட்டியைக் கழற்றித் தரும் தொழிலே முளைத்தது. இப்படி மாற்றிய டீசல் பிக்கப்புகள் பத்து வருஷத்தில் 5,50,000-க்கும் மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் மதிப்பிட்டது. அந்தப் புகையைச் சுவாசிப்பது வண்டிக்காரர் மட்டுமல்ல.

தொழிற்சாலையும் சுத்தமில்லை. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் கருவிகள் இருந்ததாக அரசு குற்றம் சாட்ட, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

கோட்டுக்குக் கீழே உள்ள சின்ன அண்ணன்களுக்கு ஸ்டிக்கர் உண்டு. அங்கே நிலைமை வேறு. 2014-ல் ராம் 1500 ஈகோடீசல் நெடுஞ்சாலையில் 28 மைல் காட்டியது. (அதிலும் புகை மோசடி வெளிப்பட்டு, 2022-ல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.) 2018-ல் எஃப்-150 டீசல் 30 மைல். 2020 மாடல் சில்வராடோ 33 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 14 கிலோமீட்டர். எண் அச்சிடப்படும் இடத்தில் எண்ணுக்காகப் போட்டி நடந்திருக்கிறது.

ஆனால் மிச்சம் அதிகம் இருப்பது கோட்டுக்கு மேலேதான். காலனுக்கு 25 மைல் தரும் வண்டியை 30-க்கு உயர்த்தினால் நூறு மைலுக்கு முக்கால் காலன்கூட மிச்சமாகாது. 10 மைல் தருவதை 12 ஆக்கினாலே ஒன்றரை காலனுக்கு மேல் மிஞ்சும். வகுத்துப் பாருங்கள். கனரக பிக்கப்புகளுக்கு 2011-ல் முதன்முறையாக எரிபொருள் விதி அறிவித்தபோது, அரசு நூறு மைலுக்கு எத்தனை காலன் என்றுதான் அளந்தது. 2014 மாடலிலிருந்து அமலுக்கு வந்த அந்த விதியில், அதிகம் இழுக்கும் வண்டி அதிகம் குடிக்கலாம் என்று சலுகையும் இருந்தது. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்ல மட்டும் அந்த விதியும் மறந்துவிட்டது.