இருட்டறையிலிருந்து கணினித் திரைக்கு

ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் இன்று அடிப்படைச் சொற்களாகப் பயிலப்படும் டாட்ஜ், பர்ன், மாஸ்க், அன்ஷார்ப் மாஸ்க் ஆகியவை அனைத்தும் கணினி வருவதற்கு முன்பே இருட்டறையிலும் அச்சகத்திலும் கைவேலையாக வழங்கியவை. மென்பொருளின் வரலாற்றைக் கணினியிலிருந்து மட்டுமே தொடங்கினால், அந்த வேலையைச் செய்து பழகிய பெயரறியாத கைவினைஞர்களுக்குரிய பங்கு மறைந்துபோகிறது.

கணினியின் பங்கு 1957இல் தொடங்குகிறது. அமெரிக்கத் தேசியத் தர அளவைக் கழகத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கெர்ஷ், தம் கைக்குழந்தையின் படத்தை 176 வரிசையும் 176 நிரலுமான சதுரப் புள்ளிகளாகப் பிரித்துக் கணினியில் ஏற்றினார். பிக்சல் என்று பின்னர் பெயர் பெற்ற அப்புள்ளி ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை என்ற இரண்டில் ஒன்றையே காட்ட வல்லதாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1987இல், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நோல், கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டும் மெக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறச் சாயைகளைத் தோன்றச் செய்யும் நிரல் ஒன்றை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகளை உருவாக்கும் நிறுவனத்தில் இருந்த அவருடைய சகோதரர் ஜான் நோலும் சேர்ந்து வளர்த்த அந்நிரலை, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இச்சகோதரர்களின் தந்தை வீட்டிலேயே ஓர் இருட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகள் அங்கே பிரிண்ட் போடக் கற்றவர்கள் என்பது இம்மென்பொருளின் அமைப்பை விளங்கிக்கொள்ள மிகவும் உதவும் செய்தி.

இருட்டறையில் என்லார்ஜர் என்னும் கருவி நெகட்டிவின் வழியே ஒளியைச் செலுத்தி, கீழே விரித்த ஒளியுணர் தாளில் உருவைப் பெரிதாக்கி விழச் செய்யும்; தாளில் எவ்வளவு ஒளி படுகிறதோ அவ்வளவுக்கு அது கருக்கும். ஆகவே நிழலில் மூழ்கிய முகத்தைத் துலக்க வேண்டுமானால், மெல்லிய கம்பியின் நுனியில் ஒட்டிய வட்ட அட்டையைச் சில விநாடிகள் அம்முகத்தின்மேல் விழும் ஒளிக்குக் குறுக்கே பிடிக்க வேண்டும். அட்டையை ஓயாமல் அசைத்துக்கொண்டிராவிட்டால் அதன் விளிம்பு தாளில் பதிந்துவிடும். இதுவே டாட்ஜ். வெளிறிய வானத்தைக் கருக்குவதற்காக, கையைக் குவித்து நடுவே விட்ட துளை வழியாக அவ்விடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி பாய்ச்சுவது பர்ன். ஃபோட்டோஷாப்பில் காம்புள்ள வட்டமும் குவித்த கையுமே இவ்விரண்டின் சின்னங்கள். இவற்றின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் அளவும் ஒளியூட்டத்தைக் குறிக்கும் எக்ஸ்போஷர் என்ற பெயரையே தாங்கியிருக்கிறது.

படத்தைக் கூர்மையாக்கும் கருவிக்கு அன்ஷார்ப் மாஸ்க், அதாவது கூர்மையற்ற மறைப்பு, என்று பெயர் இருப்பது புதிதாகப் பயில்வோரைக் குழப்புவது இயல்பே. இருட்டறையில் நெகட்டிவுக்கும் வெற்று ஃபிலிமுக்கும் இடையே ஒளி ஊடுருவும் தகடு ஒன்றை வைத்து, வேண்டுமென்றே மங்கலான பாசிட்டிவ் நகல் எடுத்து, அதை நெகட்டிவோடு பொருத்திப் பிரிண்ட் போட்டார்கள். பெரும் பரப்புகளின் ஒளி வேறுபாட்டை அந்நகல் தணித்துவிட, அதன் மங்கல் எட்டாத நுண்ணிய விளிம்புகள் மட்டும் எடுப்பாகத் தெரிந்தன. வானியலாளர் டேவிட் மேலின் 1970களில் இம்முறையைக் கையாண்டு, விண்மீன் திரள்களின் தகடுகளில் புதைந்திருந்த நுட்பங்களை வெளிக்கொணர்ந்தார். கணினி செய்வதும் ஏறக்குறைய இதுவே: மங்கலான நகலை மூலத்திலிருந்து கழித்து, எஞ்சும் வேறுபாட்டை மூலத்தோடு கூட்டுகிறது. மங்கல் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதை இருட்டறையில் தீர்மானித்தது இடைத்தகட்டின் தடிமன். மென்பொருளில் அந்த வேலையை ரேடியஸ் என்ற எண் செய்கிறது.

மாஸ்க், திருத்தக்கூடாத பகுதியை மூடிக் காப்பது. அச்சகத்தார் இதற்கெனச் சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி ஒட்டியதன் தொடர்ச்சியாகவே ஃபோட்டோஷாப்பின் குவிக் மாஸ்க்கும் சிவப்பாகத் தோன்றுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கும் லேயர் வசதி 1994இல் மூன்றாம் பதிப்போடு வந்தது.

இருட்டறையில் அறவே இல்லாதிருந்த வசதி, செய்ததை விலக்கிப் பின்னோக்கிச் செல்வது. ஃபோட்டோஷாப்பிலும் 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஹிஸ்டரி பலகைக்குப் பிறகே பல படிகள் பின்செல்ல முடிந்தது. இருட்டறையிலோ, உருவை வெளிப்படுத்தும் டெவலப்பர் கரைசலில் இறங்கிய தாளுக்கு மீட்சியில்லை. பிழை நேர்ந்தால் புதுத் தாள் எடுத்து முதல் விநாடியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் தேர்ந்த பிரிண்டர்கள் சோதனைப் பிரிண்டின்மேலேயே வட்டங்கள் வரைந்து, எந்த இடத்துக்கு எத்தனை விநாடி கூட்டுவது, குறைப்பது என்று குறித்துவைத்தார்கள். இறுதிப் படங்களுக்கு இணையாகப் பேணப்பட வேண்டிய ஆவணங்கள் அவை.